விசாவுக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவது: குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வள்ளியூர், அம்பாசமுத்திரம், கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து கல்யாணம் முடித்துவிட்டு, கணவனுக்கோ மனைவிக்கோ விசா போட்டுக் காத்திருப்பது சாதாரணம். அந்தக் காத்திருப்பிலேயே அடி, மிரட்டல், பணப் பறிப்பு என்று தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியது இந்தப் பக்கம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரக் குடியிருப்பு) வைத்திருந்து, கணவரின் விசாவுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு ஸ்பான்சர் செய்த பெண்களை மனதில் வைத்தே பெரும்பகுதியும் எழுதப்பட்டிருக்கிறது. ‘விசாவைக் கேன்சல் பண்ணிருவேன்’ என்று கணவன் மிரட்டும் மனைவிகளுக்கான பதில்கள் பின்பாதியில் உள்ளன.

ஸ்பான்சர் செய்தவர் நடுவில் விலகலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

விலகலாம். கணவருடைய சம்மதம் வேண்டாம், இரண்டு வீட்டுப் பெரியவர்களின் சம்மதமும் வேண்டாம். விவாகரத்து முடிந்திருக்க வேண்டியதில்லை, வழக்குப் போட்டிருக்க வேண்டியதுமில்லை. ‘இந்த உறவு முடிந்துவிட்டது, இந்த விண்ணப்பத்தை நான் இனி ஆதரிக்கவில்லை’ என்று அந்த நாட்டுக் குடியேற்றத் துறைக்கு நீங்கள் எழுதுவதுதான் விஷயம். அது புகாரும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த தகவல் இப்போது உண்மையில்லை என்றால் அதைத் தெரிவிக்கும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு.

எந்தக் கட்டம் வரை இது செல்லும்?

நாட்டுக்கு நாடு மாறும். இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதிலை நம்பித்தான் பலர் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் கணவன் மனைவி விசா இரண்டு படியாக வரும். வெளிநாட்டிலிருந்து போட்டால் முதலில் 309, பிறகு 100. உள்ளேயிருந்து போட்டால் 820, பிறகு 801. முதல் படி கிடைக்கும் முன் ஆதரவை விலக்கிக்கொண்டால் விண்ணப்பம் பொதுவாக நிற்காது. முதல் படி கிடைத்து இரண்டாவது வராத நிலையில் உறவு முடிந்ததைத் தெரிவித்தாலும் நிரந்தர விசாவைப் பாதிக்கும். 100 அல்லது 801 வந்துவிட்டால் உங்கள் கடிதத்தால் அதை எடுக்க முடியாது.

அமெரிக்காவில் நீங்கள் கொடுத்தது ஐ-130 மனு. மனு நிலுவையில் இருக்கும்போதும், ஒப்புதலாகித் தூதரகத்துக்குப் போன பிறகும் திரும்பப் பெறலாம். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டுவிட்டாலும், அவர் பயணம் தொடங்குவதற்கு முன் தூதரகத்துக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். இதோடு ஐ-864 என்ற பொருளாதார உத்தரவாதப் பத்திரத்தையும் மறக்கக் கூடாது. விசா கிடைக்கும் முன் அதையும் விலக்கிக்கொள்ளலாம். அவர் கிரீன் கார்டோடு உள்ளே வந்துவிட்டால் அந்தப் பொறுப்பு விவாகரத்தானாலும் தீராது. அவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு (ஏறக்குறைய பத்து வருட) வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நாட்டை நிரந்தரமாக விட்டுப் போகும்வரை உங்கள் தலையில்தான் இருக்கும்.

கனடாவும் இதே மாதிரிதான். அவர் பிஆர் ஆகும் முன்னால் ஸ்பான்சரை விலக்கிக்கொள்ளலாம். ஆன பிறகு, நீங்கள் கொடுத்த உறுதிமொழி 3 வருடத்துக்கு உயிரோடு இருக்கும். பிரிந்தாலும் அது போகாது.

பிரிட்டனில் விசா வந்த பிறகும், அவர் நிரந்தரக் குடியிருப்பு வாங்காதவரை, பிரிந்ததை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துறை அவருடைய அனுமதியைக் குறைத்துவிடும். வழக்கமாக 60 நாள் அவகாசம் கொடுப்பார்கள்.

கடிதத்தை அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள். விலகல் கடிதம் பதிவானதும் துறையிலிருந்து அவருக்குத் தானாகவே மின்னஞ்சல் போகலாம். நீங்கள் இன்னும் அவர் வீட்டு மாடியில் இருக்கும்போது அந்த அஞ்சல் அவர் போனில் விழுந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் மாமனார் வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ வந்து சேர்ந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். விமானச் சீட்டு இருந்தால் அந்த நாட்டில் போய் இறங்கியபின் அனுப்புவது இன்னும் நல்லது. விசாவுக்கு நெருங்கிய தேதி எதுவும் இல்லையென்றால் இரண்டு நாள் தாமதத்தால் நஷ்டமில்லை.

அடுத்து கடவுச்சொற்கள். பெரும்பாலும் விண்ணப்பக் கணக்கை அவரேதான் திறந்திருப்பார், அல்லது இருவரும் ஒரே மின்னஞ்சலில் போட்டிருப்பீர்கள். புது மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். அதை அவர் தொட்ட போனில் திறக்காதீர்கள். வங்கி, கூகுள், ஆதார் ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். ஊருக்கு வரும்போது வாங்கிய சிம் மாமியார் பேரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் அவருடைய லேப்டாப் நிற்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.

மூன்றாவது, விசா கோப்பின் பக்கங்கள். கணக்கு உங்கள் கைக்கு எட்டும்போதே கோப்பு எண், விண்ணப்ப ரசீது, நீங்கள் கையெழுத்திட்ட படிவங்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். கடவுச்சொல் மாறிவிட்டால் கிடைக்காது.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், பிறந்த தேதி, அவர் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா வகை, கோப்பு எண். அமெரிக்க மனு ரசீது மூன்று எழுத்தும் பத்து எண்ணும் கொண்டது. கோப்பு மும்பைத் துணைத் தூதரகத்துக்குப் போய்விட்டால் ‘பிஎம்பி’ என்று தொடங்கும் வேறொரு எண் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம் நாலே வாக்கியம். இன்ன தேதியில் உறவு முடிந்தது. நான் ஸ்பான்சரிலிருந்து விலகுகிறேன், எந்த உத்தரவாதப் பத்திரம் கொடுத்திருந்தாலும் அதையும் திரும்பப் பெறுகிறேன். உறவில் வன்முறை இருந்தது, ஆதாரம் கேட்டால் தருவேன். இனி என்னை இந்தப் புது மின்னஞ்சலில் மட்டும் தொடர்புகொள்ளவும். தேதி, கையெழுத்து. பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்க நகலை இணையுங்கள். பெயர் பொருந்தவில்லை, கையெழுத்து இல்லை, எண் தவறு: கடிதம் கோப்பில் சேராமல் மிதப்பதற்கு இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

புது முகவரி, அம்மா வீட்டு முகவரி, வேலையிடம் எதையும் எழுதாதீர்கள். ‘அவனுக்கு விசாவே கொடுக்கக் கூடாது’ என்று எழுத மனம் துடிக்கும். அந்த ஒரு வரியை வைத்தே ‘இவள் கோபத்தில் பொய் சொல்கிறாள்’ என்று அவர் பதில் எழுதுவார். நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

ஆஸ்திரேலியா என்றால் துறையின் இணையக் கணக்கான இம்மிஅக்கவுண்ட் வழியாக, கனடா என்றால் துறையின் வலைப் படிவம் வழியாக அனுப்பலாம். எந்த வழியில் அனுப்பினாலும் அனுப்பிய பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

நான் எழுதியது அவருக்குத் தெரியுமா?

தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவருக்குப் பாதகமான தகவலை வைத்து முடிவெடுக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது சட்டம். மற்ற நாடுகளிலும் விசா ஏன் நின்றது என்று அவருக்கு ஏதோ ஒரு வடிவில் சொல்லப்படும். எதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிடலாம். அது மதிக்கப்படும் என்று நம்பி மறைவிட முகவரியைக் கொடுத்துவிடக் கூடாது.

ஏஜென்ட் மூலம்தான் போட்டோம். அவரே பார்த்துக்கொள்வாரா?

மாட்டார். ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்திருப்பார்கள். அவரிடம் சொன்னது மறுநாளே சம்பந்தி வீட்டுக்குப் போகும். ஆஸ்திரேலிய விண்ணப்பத்தில் ஏஜென்டை நியமிக்கவும் நீக்கவும் படிவம் 956 இருக்கிறது. முதலில் அவரை உங்கள் தரப்பிலிருந்து நீக்குங்கள், அப்புறம் நேரடியாகத் துறைக்கு எழுதுங்கள்.

ஆதாரம் என்று எதைச் சேர்க்க வேண்டும்?

ஆதரவைத் திரும்பப் பெற ஆதாரம் கட்டாயமில்லை. ஆனால் அவர் பதிலுக்கு ஏதாவது சொன்னால், அல்லது இங்கே வழக்கு நடந்தால், அப்போது தேடினால் கிடைக்காது.

அடி விழுந்திருந்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய், ‘கணவர் அடித்தார்’ என்றே சொல்லிப் பதியுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அந்த வார்த்தைதான் விபத்துப் பதிவேட்டில் ஏறும், பிறகு எந்த வக்கீலாலும் அதை அழிக்க முடியாது. அந்தப் பதிவின் நகலையும் காயச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். காயத்தைப் படம் எடுக்கும்போது முகம் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று, மூன்று நாள் கழித்து நிறம் மாறியபின் ஒன்று.

வாட்ஸ்அப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் போனை மாற்றிவிடுகிறார்கள். அது போதாது. உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து, அந்தப் போனையும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி இருந்தால் அது எளிது. ஆடியோ மெசேஜைக் கேட்டு அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள்.

தமிழில் இருக்கும் ரசீது, புகார் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், தொடர்பு விவரம், தகுதி, ‘சரியாகப் பெயர்த்திருக்கிறேன்’ என்ற உறுதி, கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் குத்திக் கொடுப்பதை மொழிபெயர்ப்பாக யாரும் ஏற்க மாட்டார்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் ‘பேசி முடிங்க’ என்று எழுதி வாங்குகிறார்களே?

புகார் கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது நடைமுறையாக இருக்கலாம். ஆனால் அங்கே நீங்கள் கையெழுத்துப் போடும் தாள் மிக முக்கியம். ‘எங்களுக்குள் சிறு மனஸ்தாபம், இனி புகார் இல்லை’ என்று எழுதிய சமரசக் கடிதம் ஆறு மாதம் கழித்து, ‘வன்முறையே நடக்கவில்லை’ என்பதற்குச் சான்றாக விசா கோப்பில் போய் உட்காரும். நடந்ததை ஒப்புக்கொள்ளாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ‘வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று எழுந்து வருவது குற்றமில்லை.

ஏற்கெனவே வெளிநாடு திரும்பிவிட்டீர்கள் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும் என்பதால், ஊருக்கு வரும் தேதியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இங்கே எந்தச் சட்டம் காப்பாற்றும்?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும், திருநெல்வேலியில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலே இங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் 12ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். உங்கள் சார்பில் வேறொருவரும், இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரும் கொடுக்கலாம். முதல் விசாரணை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்றும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பாதுகாப்பு அலுவலரைப் பற்றிக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையில் விசாரிக்கலாம். தென்காசி 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டம் ஆகிவிட்டதால் கடையநல்லூர், சங்கரன்கோவில்காரர்கள் தென்காசிக்குத்தான் போக வேண்டும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181, அல்லது அவசர அழைப்பு எண் 112. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண். பெண்ணுக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு கிடையாது.

கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக் குற்றம் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85. அடி நடந்தது வேறு ஊரிலாக இருந்தாலும், நீங்கள் வந்து தஞ்சமடைந்த ஊரில் புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது.

‘விசா வரட்டும், அங்க போனா திருந்திருவான்’ என்கிறார்களே பெரியவர்கள்?

அத்தை, சித்தப்பா, சபை ஐயர், ஜமாத் பெரியவர் எல்லாரும் அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே போனால் உங்களைச் சுற்றி அவர்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பூட்டிய கதவுக்குள் அவரும் நீங்களும் மட்டும். அமெரிக்காவில் அந்த உத்தரவாதப் பத்திரமும் அப்போது உங்கள் கழுத்தில் இருக்கும். விசா வந்த பிறகு விலகுவதைவிட வரும் முன் விலகுவது எல்லா வகையிலும் எளிது என்பதே எங்கள் திடமான கருத்து.

பேரம் பேசுவதும் வேண்டாம். ‘நகையைக் கொடு, விசாவை விடுகிறேன்’ என்று ஒரு மெசேஜ் போட்டால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். நகைக்குத் தனி வழி இருக்கிறது.

மனம் மாறலாம், அதுவும் மனித இயல்புதான். ஆனால் அமெரிக்காவில் திரும்பப் பெற்ற மனுவை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது; புது மனு, புதுக் கட்டணம். அதனால் யாரோ நெருக்குகிறார்கள் என்று போடாதீர்கள், யாரோ அழுகிறார்கள் என்று நிறுத்தவும் வேண்டாம்.

கடிதம் போட்டால் விவாகரத்து ஆனதாகிவிடுமா?

இல்லை. இங்கே பதிவான திருமணம் இங்குள்ள சட்டப்படிதான் முடியும். அந்த நாட்டு நீதிமன்றத்தில் ஒருதலையாக வாங்கும் விவாகரத்து இந்தியாவில் செல்லாமல் போகலாம். 1991இல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கான நிபந்தனைகளை வகுத்துவிட்டது.

பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள்.

‘என் பாஸ்போர்ட்டைத் தாருங்கள்’ என்று முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். தராவிட்டால் காவல் நிலையப் புகார். குடும்ப வன்முறைச் சட்டம் 19(8)இன்படி சீதனத்தையும் உங்களுக்குரிய பிற உடைமைகளையும் ஆவணங்களையும் திருப்பித் தர மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நகையும் இந்த வழியில்தான். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவெளியீடு கேட்கலாம். அங்கே ‘தொலைந்துவிட்டது’ என்று பொய் சொல்லாதீர்கள், ‘கணவர் வீட்டார் வைத்திருக்கிறார்கள்’ என்றே சொல்லுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் உங்கள் நாட்டுத் தூதரகம் அவசரப் பயண ஆவணம் தரும். அதோடு இங்கிருந்து வெளியேறும் அனுமதியும் தேவைப்படும் என்பதால் விமானச் சீட்டை அதற்குப் பின் போடுங்கள்.

அவர் என்மேல் வழக்குப் போட்டால்?

ஆதரவைத் திரும்பப் பெறுவது குற்றமில்லை. ஆனாலும் ‘சேர்ந்து வாழ வா’ என்று குடும்ப நீதிமன்றத்தில் மனு போடுவதும், ‘விசா ஆசை காட்டி ஏமாற்றினாள்’ என்று புகார் கொடுப்பதும் நடக்கிறது. சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஒருதலைத் தீர்ப்பு வரும். வாங்குங்கள், வக்கீலை வையுங்கள்.

நான் மனைவி. ஸ்பான்சர் அவர். ‘விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்’ என்கிறார்.

இந்த மிரட்டலில் பாதிதான் உண்மை. அவரால் தன் ஆதரவை விலக்க முடியும். உங்களுக்கு வேறு வழியே இல்லை என்பது பொய்.

ஆஸ்திரேலியாவில் 820 விசாவில் இருக்கும்போது வன்முறையால் உறவு முறிந்தால், அவர் விலகிய பிறகும் நிரந்தர விசாவைக் கேட்க விதி இருக்கிறது. பிரிட்டனில் மூன்று மாதத் தற்காலிக அனுமதி வாங்கி, அதற்குள் நிரந்தரக் குடியிருப்புக்குப் போடலாம். ஊருக்குக் கூட்டிவந்து பாளையங்கோட்டையில் விட்டுவிட்டுப் போனவர்களுக்கும், 2024 ஜனவரி 31இல் வந்த விதிகளின்படி இங்கிருந்தே விண்ணப்பிக்க வழி உண்டு. அமெரிக்காவில் கணவர் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ என்றால் ஐ-360 படிவத்தில் நீங்களே உங்களுக்காக மனு போடலாம். விவாகரத்தாகியிருந்தால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதைத் துறை அவரிடம் சொல்லாது, அவர் சொல்வதை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவர்கள் நிலை கடினம். விவாகரத்தானால் அந்தத் தகுதி போய்விடும், அதனால் விவாகரத்துத் தாளில் கையெழுத்திடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கனடாவில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக வசிப்பு அனுமதி உண்டு. பிஆர் ஏற்கெனவே வந்திருந்தால், உண்மையான திருமணத்தில் அவர் விலகியதற்காக மட்டும் அது பறிபோகாது.

அங்கே உடனடி ஆபத்து என்றால் ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ‘தமிழ்’ என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

ஆண் ஸ்பான்சர் பாதிக்கப்பட்டிருந்தால்?

வெளிநாட்டுக் குடியேற்ற விதிகளில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஆதரவைத் திரும்பப் பெறும் முறையும் ஒன்றே. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டும் என்பதால், இங்கே ஆண்கள் பொதுக் குற்றவியல் பிரிவுகளில்தான் புகார் கொடுக்க முடியும்.

கட்டிய பணம் திரும்ப வருமா? பிறகு வேறு ஒருவருக்கு ஸ்பான்சர் செய்யலாமா?

பணம் பெரும்பாலும் வராது. ஆஸ்திரேலியக் கட்டணம் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல், மனம் கலங்கத்தான் செய்யும். கனடாவில் பரிசீலனை தொடங்கும் முன் விலகினால் ஒரு பகுதி திரும்பும். ஆஸ்திரேலியாவில் வாழ்நாளில் இருவருக்குத்தான் ஸ்பான்சர் செய்யலாம், நடுவில் ஐந்து வருடம் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் விசா கிடைத்த ஸ்பான்சர்தான் சேரும். விசா வரும் முன் விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை.

பெற்றுக்கொண்டோம் என்ற ஒற்றை வரி வந்திருக்கிறதா என்று ஸ்பேம் பெட்டியில் பாருங்கள். வரவில்லையென்றால் அதே கடிதத்தை, ‘முதலில் இன்ன தேதியில் அனுப்பியது’ என்று மேலே குறித்து, மறுபடி அனுப்புங்கள். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். அமெரிக்கக் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பது தெளிவில்லாதபோது குடியேற்றத் துறை, ஒப்புதலான மனுக்களைத் தூதரகத்துக்கு அனுப்பும் தேசிய விசா மையம், மும்பைத் துணைத் தூதரகம் மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் போகட்டும். அவருக்கு நேர்காணல் தேதி வந்துவிட்டது என்று காதில் விழுந்தால், அந்தத் தேதியையும் பொருள் வரியிலேயே எழுதுங்கள்.